டர்பைனுக்கு கிரீஸ் போடும் கன்னியாஸ்திரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்குக் கோடியில் மித்தி என்றொரு சிறு நகரம். அங்கே ஒரு கன்னியாஸ்திரி நீர்மின் நிலையம் கட்டி, அதை அவரே ஓட்டியும் வருகிறார். பெயர் அல்போன்சின் சிசா. 2022 தொடக்கத்தில் ராய்ட்டர்ஸ் அவரைப் பற்றி எழுதியது. தலையில் வெள்ளை முக்காடு, காலில் கம்பூட்ஸ் என்ற அந்தக் கோலம் பல நாட்டுப் பத்திரிகைகளில் வந்தது. அவரைப் பற்றி நண்பர்களிடம் சொன்னபோதெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வந்தன. பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

உண்மையிலேயே அவரே கட்டியதா? இல்லை, திறப்பு விழாவுக்கு வந்து ரிப்பன் வெட்டியவரா?

அவருடைய திட்டம்தான். பணம் திரட்ட மூன்று வருடம் ஆனது. சேர்ந்த தொகை 2,97,000 டாலர். 2015-ல் நிலையம் எழுந்தது. படிப்பால் அவர் மெக்கானிக்கல் இன்ஜினியர். மடத்துச் சகோதரிகளும் இன்ஜினியர்களும் சேர்ந்த ஒரு சின்னக் குழுவோடு, இயந்திரத்துக்கு கிரீஸ் போடுவதும் மீட்டர்களைப் பார்ப்பதுமாக அவர் நாள் போகிறது. ரிப்பன் வெட்டுகிறவர்கள் கையில் இவ்வளவு அழுக்கு இருக்காது.

மித்தி எங்கே இருக்கிறது?

தெற்குக் கிவு மாகாணத்தில். மாகாணத் தலைநகர் புகாவு, கிவு ஏரியின் தென்கரையில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே கவுமு விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் மித்தி வரும். மேற்கே காட்டுக்குள் போகும் ஹோம்போ சாலை இங்கிருந்துதான் பிரிகிறது. அந்தப் பக்கம் காஹுசி-பியேகா தேசியப் பூங்கா. சமவெளி கொரில்லாக்களில் மிகப் பெரிய இனம் வாழும் காடு அது. காஹுசி மலையின் உயரம் 3,308 மீட்டர். நல்ல மழை, செங்குத்தான சரிவு. நீர்மின்சாரம் எடுக்க இதைவிட வாகான நிலம் கிடைப்பது கஷ்டம்.

அவர் சிறுமியாக இருந்த காலம் எப்படிப்பட்டது?

2022-ல் அவருக்கு வயது 55. அப்படியென்றால் 1966 அல்லது 67-ல் பிறந்திருக்க வேண்டும். அதற்குச் சற்று முன்புதான், 1965-ல், ராணுவத் தளபதி மொபுட்டு ஆட்சியைப் பிடித்தார். சிசாவுக்கு நாலைந்து வயது இருக்கும்போது, 1971-ல், நாட்டின் பெயரே ஸயர் என்று மாறிவிட்டது. அடுத்த வருடம் இன்னொரு உத்தரவு: யாரும் கிறிஸ்தவப் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது, ஆப்பிரிக்கப் பெயர்தான் இருக்க வேண்டும். அல்போன்சின் என்பது ஞானஸ்நானப் பெயர். சட்டப்படி பார்த்தால் அப்படியொரு பெயரை வைத்துக்கொள்ளவே கூடாது என்ற காலத்தில் வளர்ந்த தலைமுறை அது. எதிர்த்துப் பேசிய கத்தோலிக்கத் திருச்சபைத் தலைவர் கார்டினல் மலுலா கொஞ்ச காலம் ரோமில் போய் இருக்க வேண்டி வந்தது.

1974-ல் கிறிஸ்துமஸ் விடுமுறை ரத்து. மிஷன் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது. அதே சமயம் உலகச் சந்தையில் செம்பு விலை சரிந்தது. நாட்டின் வருமானமே செம்பு என்பதால் கஜானா காலி. பள்ளிகளை நடத்த முடியாமல் 1977-ல் அரசு ஓர் ஒப்பந்தம் போட்டு அவற்றைத் திருச்சபைகளிடமே திருப்பிக் கொடுத்தது. அரசின் கையில் அவை இருந்தது மூன்றே வருடம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ஊர்களில் பள்ளிக்கூடம், மருந்தகம், பிரசவ அறை எல்லாம் பாதிக்கு மேல் ஏதாவதொரு மடத்தையோ சபையையோ ஒட்டி இருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். வேறு யாரும் நிலைத்து நிற்கவில்லை, அவ்வளவுதான்.

கன்னியாஸ்திரியாகப் போனவர் எப்படி இன்ஜினியர் ஆனார்?

பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. முதலில் இன்ஜினியரிங் படித்து, பிறகு மனம் மாறி மடத்தில் சேர்ந்தவர் இல்லை. சேர்ந்த பிறகு, இளம் சகோதரியாக இருக்கும்போது, மடத்தில் ஒயர் அறுந்தால், ஃபியூஸ் போனால் இவர்தான் போய்ப் பார்ப்பாராம். கை சும்மா இருக்காத ஆள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள் இல்லையா, அந்த மடத்துக்கு இவர். அதைக் கவனித்த சபை அவரை மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க அனுப்பியது.

என்னைக் கேட்டால் இந்தக் கதையில் பாதிப் புகழ் அப்படி அனுப்பியவர்களுக்குச் சேர வேண்டும். பழுது பார்க்கத் தெரிந்த பெண்ணிடம் "சரி, இதையும் பார்த்துக்கொள்" என்று இன்னும் நாலு வேலையைத் தலையில் கட்டுவதுதான் உலக வழக்கம். படிக்க அனுப்புகிறவர்கள் அபூர்வம்.

காங்கோவில் ஆற்றுக்கா பஞ்சம்? ஏன் கரண்ட் இல்லை?

ஆற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஆப்பிரிக்காவிலேயே அதிக நீர் ஓடும் ஆறு காங்கோ. அதன் கீழ்ப்பகுதியில் உள்ள இங்கா அருவிகளை முழுதாகப் பயன்படுத்தினால் 40,000 மெகாவாட் எடுக்கலாம் என்பது கணக்கு. சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையின் திறன் 22,500 மெகாவாட்தான். ஆனால் இங்காவில் இதுவரை ஓடுவது இரண்டு நிலையங்கள்: 1972-ல் வந்த முதலாவது 351 மெகாவாட், 1982-ல் வந்த இரண்டாவது 1,424 மெகாவாட். அவையும் பராமரிப்பு இல்லாமல் பல வருடங்கள் முழுத் திறனில் ஓடவில்லை. டர்பைன்கள் பழுதாகிக் கிடந்தன, கால்வாயில் மணல் சேர்ந்தது.

அப்புறம், வந்த மின்சாரம் எங்கே போனது? இங்காவிலிருந்து தென்கிழக்கே கொல்வேசி வரை சுமார் 1,700 கிலோமீட்டருக்கு ஒரு உயர் அழுத்த லைன் இழுத்தார்கள். கட்டங்கா செம்புச் சுரங்கங்களுக்காக. அது டிசி, அதாவது நேர்மின்சார லைன். சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் வைத்து நடுவில் கரண்ட் எடுக்க முடியாது. அதனால் நூற்றுக்கணக்கான கிராமங்களின் தலைக்கு மேலேயே கரண்ட் போகிறது, கீழே மண்ணெண்ணெய் விளக்கு எரிகிறது. நாட்டில் ஐந்தில் ஒருவருக்குத்தான் மின்சாரம் கிடைக்கிறது.

இன்னொரு விஷயம். மித்தியைப் பற்றி எழுதும் செய்திகளில் இங்காவைப் பற்றி ஒரு பத்தி கட்டாயம் வரும். ஆனால் இங்கா நாட்டின் மேற்குக் கோடி, கிவு கிழக்குக் கோடி. இந்தப் பக்கத்துக்கு மின்சாரம் வருவது கிவு ஏரியிலிருந்து இறங்கும் ருசிசி ஆற்றிலிருந்து. 1950-களின் கடைசியில் பெல்ஜியர்கள் கட்டிய முதல் நிலையம் ஒன்று; 1989-ல் வந்த இரண்டாவது நிலையத்தை ருவாண்டா, புருண்டி, காங்கோ மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டும் சேர்ந்து 75 மெகாவாட் கூட வராது. நகரம் பெருகிக்கொண்டே போகிறது. கடைசியில் மித்திக்குக் கிடைப்பது வாரத்தில் இரண்டு மூன்று நாள், அதுவும் சில மணி நேரம்.

இந்த நிலையம் எப்படி வேலை செய்கிறது?

தத்துவம் எளிது. உயரத்தில் நீரைத் தேக்கி, குழாய் வழியாகக் கீழே விட்டு, டர்பைனைச் சுற்ற வைத்து, அதோடு இணைந்த ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் எடுக்கிறோம். மித்தி நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு நீர்த்தேக்கத்திலிருந்து நீர் வருகிறது.

எவ்வளவு கரண்ட் வரும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, நொடிக்கு எவ்வளவு விழுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஓர் உதாரணம் (எண்கள் நான் எடுத்துக்கொண்டவை, மித்தியின் அளவுகள் அல்ல). உயரம் 20 மீட்டர், நொடிக்கு 500 லிட்டர், அதாவது அரை கனமீட்டர். 20 × 0.5 × 9.8 = 98 கிலோவாட். குழாய் உராய்வு, டர்பைன், ஜெனரேட்டர் என்று வழியில் மூன்றில் ஒரு பங்கு போனால் கையில் நிற்பது 65 கிலோவாட். மித்தி நிலையம் தருவது 50 முதல் 100 கிலோவாட் வரை. மைக்ரோ ஹைட்ரோ என்று சொல்லப்படும் வகையின் மேல் எல்லை இது.

இதுவரை பள்ளிக்கூடப் பாடம். கஷ்டம் இதற்குப் பிறகுதான். சின்ன நிலையத்தில் சுமை ஏறினாலும் இறங்கினாலும் டர்பைனின் வேகம் உடனே மாறும். பள்ளியில் எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே நேரத்தில் அணைத்தால் டர்பைன் வெறிகொண்டு சுற்றும், வோல்டேஜ் எகிறும். மருந்தகத்தில் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசரைப் போட்டால் வேகம் சட்டென்று விழும். பெரிய கிரிட்டில், அதாவது நாடு முழுக்க இணைந்த மின் வலையமைப்பில், ஆயிரம் நிலையங்கள் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும். இங்கே தாங்க யாரும் இல்லை. அதனால்தான் இப்படிப்பட்ட நிலையங்களில் மீட்டரைப் பார்த்துக்கொண்டு ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும், அல்லது மிச்சக் கரண்ட்டை ஹீட்டர் காயிலில் கொட்டிச் சமன் செய்யும் கருவி வேண்டும்.

50 கிலோவாட்டில் என்ன செய்ய முடியும்?

நமக்குப் பழக்கமான அளவில் சொன்னால், 5 எச்.பி. பம்புசெட் பதின்மூன்றை ஒரே நேரத்தில் ஓட்டலாம். 100 கிலோவாட் என்றால் இருபத்தாறு. இங்கா இரண்டாவது நிலையத்தின் ஒரு டர்பைன் மட்டுமே 178 மெகாவாட். அதன் பக்கத்தில் வைத்தால் இது கொசு.

ஆனால் இந்தக் கொசு ஒரு மடம், ஒரு தேவாலயம், இரண்டு பள்ளிகள், ஒரு மருந்தகம் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிறது. யாரிடமும் காசு வாங்குவதில்லை.

மூன்று லட்சம் டாலர் அதிகமில்லையா? சோலார் போட்டிருக்கலாமே?

கேட்க வேண்டிய கேள்விதான். கிலோவாட்டுக்குப் பார்த்தால் சுமார் 3,000 முதல் 6,000 டாலர் வரை வருகிறது. மலிவு என்று சொல்ல மாட்டேன். சிமெண்டும் இரும்பும் இயந்திரமும் கரடுமுரடான சாலையில் வர வேண்டிய இடம்.

ஆனால் சோலார் இரவில் வேலை செய்யாது, பிரசவம் இரவில்தான் அதிகம் வரும். பேட்டரி வேண்டும். 2012-லிருந்து 2015 வரை பேட்டரி என்ன விலை விற்றது என்று நினைவிருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மேகம் மூடிய மலையடிவாரத்தில் சூரியனை நம்புவதைவிட ஓடும் நீரை நம்புவது புத்திசாலித்தனம்.

டீசல் ஜெனரேட்டர்? 50 கிலோவாட்டை நாள் முழுக்க ஓட்டினால் 1,200 யூனிட். ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட் என்று வைத்தாலும் தினமும் 400 லிட்டர். எந்த மடத்தாலும் முடியாது. அதே 50 கிலோவாட்டை ஆண்டில் பாதி நேரம் மட்டும், இருபது வருடம் ஓட்டினால், கட்டுமானச் செலவு யூனிட்டுக்கு ஏழு சென்ட்டுக்குள் அடங்கிவிடும். இதில் கொக்கி "இருபது வருடம்" என்ற சொல்லில்தான் இருக்கிறது.

இதில் நம்பிக்கை, பக்தி எங்கே வருகிறது? கரண்ட்டுக்கும் கடவுளுக்கும் என்ன சம்பந்தம்?

அவர் சொல்லும் காரணம் ரொம்ப நடைமுறையானது: சகோதரிகள் செய்ய வேண்டிய சேவைகள் நிறைய, வாரத்துக்கு இரண்டு நாள் கரண்ட்டில் அதெல்லாம் நடக்காது. தரிசனம் கண்டேன், குரல் கேட்டேன் என்று எதுவும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் நம்பிக்கை வேறொரு இடத்தில் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். ஆப்பிரிக்கக் கிராமங்களில் வெளிநாட்டுப் பணத்தில் வந்த அடிபம்புகள், சோலார் பலகைகள், சின்ன டர்பைன்கள் துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்க்கலாம். கட்டுவதற்குப் பணம் கிடைக்கும், படம் எடுக்க ஆள் வரும். ஐந்தாம் வருடம் பேரிங் தேயும்போது யாரும் இருக்க மாட்டார்கள். கட்டிய இன்ஜினியருக்கு அதற்குள் வேறு நாட்டில் வேலை கிடைத்திருக்கும். இங்கா பெரிய அளவில் சிக்கியதும் இதே வியாதியில்தான்.

துறவற வார்த்தைப்பாடு கொடுத்த சகோதரி சம்பளம் கூடினால் வேலை மாறுகிறவர் இல்லை. போகச் சொன்னால் போவார், இருக்கச் சொன்னால் இருப்பார். இயந்திரத்துக்குத் தேவைப்படுவது சரியாக அந்தக் குணம்தான். ஒரே நேரத்துக்கு எழுந்து, ஒரே வேலையை, பார்க்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்கிற பழக்கம். ஜெபத்துக்கு மணி அடிப்பது போல கிரீஸ் போடவும் ஒரு நேரம். மடங்களுக்கும் நீர்ச்சக்கரத்துக்கும் உறவு புதிதும் இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் சிஸ்டர்சியன் துறவிகள் எங்கே மடம் கட்டினாலும் பக்கத்தில் வாய்க்கால் வெட்டி ஆலை ஓட்டினார்கள்.

மதமே வேண்டாம் என்பவர்கள் இதைப் படித்துக் கோபப்பட வேண்டாம். நிலைத்து நிற்கும் ஆட்களைச் சம்பளம் கொடுத்தும் உருவாக்கலாம். மித்தியில் அப்படி யாரும் செய்யவில்லை.

இது மத மாற்றத்துக்கான தூண்டிலா?

காங்கோவில் பெரும்பான்மையோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள்தான்.

அக்கம்பக்கத்தில் வேறு யாராவது இப்படிச் செய்கிறார்களா?

வடக்குக் கிவுவில் விருங்கா தேசியப் பூங்கா நிர்வாகம் சிறு நீர்மின் நிலையங்கள் கட்டியிருக்கிறது. 2013-ல் முத்வாங்காவில் 0.4 மெகாவாட், 2015-ல் மத்தேபேயில் 13 மெகாவாட்டுக்கும் மேல். அவர்கள் காரணம் காடு: கரண்ட் இல்லாத ஊரில் அடுப்புக்கரிதான் எரிபொருள், கரிக்காக மரம் வெட்டுகிறார்கள், கொரில்லாவின் வீடு போகிறது. அவர்கள் கரண்ட்டை விற்கிறார்கள். அதுவும் நல்ல வழிதான், ஊர் முழுக்கக் கொடுக்க வேண்டுமென்றால் கட்டணம் இல்லாமல் முடியாது. சிசாவின் நிலையம் இலவசமாகக் கொடுக்க முடிவதற்குக் காரணம், கொடுக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

அங்கே எப்போதும் போர்தானே? எப்படிச் சமாளித்தார்கள்?

1994-ல் ருவாண்டா இனப்படுகொலைக்குப் பிறகு பத்து லட்சத்துக்கும் மேல் அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். 1996-ல் முதல் போர், 1998-ல் இரண்டாவது. அகதிகளுக்காகவும் ஊர் மக்களுக்காகவும் பேசிய புகாவு பேராயர் கிறிஸ்தோஃப் முன்சிஹிர்வாவை 1996 அக்டோபர் 29 அன்று நகரத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். சிசாவுக்கு அப்போது முப்பது வயதை ஒட்டி இருக்கும்.

2025 பிப்ரவரி நடுவில் எம்23 என்ற கிளர்ச்சிப் படை முதலில் கவுமு விமான நிலையத்தையும், பிறகு புகாவையும் பிடித்தது. வரைபடத்தில் இரண்டையும் இணைக்கும் சாலையில் விரல் வைத்தால் மித்தி மேல்தான் போகும். "ஏன் அங்கே பெரிய அளவில் முதலீடு வருவதில்லை" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

தினசரி வேலை என்றால் என்ன? டர்பைன் தானாக ஓடாதா?

ஓடாது. இந்த மாதிரி நிலையங்களில் முதல் எதிரி குப்பை. நீர் குழாய்க்குள் நுழையும் இடத்தில் கம்பிச் சல்லடை இருக்கும். இலை, புல், கிளை, இந்தக் காலத்தில் பிளாஸ்டிக் பாட்டில். மழை நாளில் ஒரு மணி நேரம் விட்டால் அடைத்துக்கொண்டு நீர்வரத்து பாதியாகிவிடும். கம்பூட்ஸ் ஏன் என்று இப்போது புரியும். இரண்டாவது எதிரி வண்டல். மலைச்சரிவில் மரம் வெட்டிய நிலத்திலிருந்து மண் கரைந்து வரும். மணல் கலந்த நீர் டர்பைன் இலையை உப்புத்தாள் போலத் தேய்க்கும். மூன்றாவது பேரிங். கிரீஸ் காய்ந்தால் சூடாகும், சூடானால் இறுகும், அதைக் கவனிக்காவிட்டால் ஒரு நாள் பெரும் சத்தத்தோடு எல்லாம் நிற்கும். மாற்றுச் சாமான் பக்கத்துக் கடையில் கிடைக்காது.

பள்ளியில் என்ன மாறியது?

முன்பு கம்ப்யூட்டர் பாடத்தைப் புத்தகத்தைப் பார்த்துத்தான் படித்தார்கள். மவுஸ் என்றால் என்ன என்று படம் பார்த்து மனப்பாடம் செய்த பிள்ளைகள். இப்போது திரையைப் பார்க்கிறார்கள்.

அவருக்கு வயதாகிக்கொண்டு போகிறதே, அடுத்து யார்?

மீட்டர் பார்க்கவும் கிரீஸ் போடவும் மற்ற சகோதரிகளும் பக்கத்திலேயே நிற்கிறார்கள். மடத்தில் முன்பு ஃபியூஸ் போட்டுக்கொண்டிருந்த இளம் சகோதரியும் இப்படித்தான் ஆரம்பித்தார்.